யார் வீட்டுப் பாறை?

ஒரு பாறையில் ஓட்டை போடலாமா, கூடாதா? இதற்காக வளர்ந்த மனிதர்கள் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறார்கள் என்றால் சிரிப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் பார்க்க ஆரம்பித்தேன்.

போன மாதம் அடுத்தடுத்து மூன்று ராத்திரி, மூன்று டாக்குமெண்டரிகள். ‘வேலி அப்ரைசிங்’ (2014), ‘தி டான் வால்’ (2017), ‘ஃப்ரீ சோலோ’ (2018). மூன்றுக்கும் களம் ஒன்றுதான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி என்றொரு பள்ளத்தாக்கு. அதில் எல் கேப்பிட்டன் என்றொரு பாறை. கிட்டத்தட்ட மூவாயிரம் அடி. சரிவெல்லாம் கிடையாது, சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. அதில் பல்லி போல மனிதர்கள்.

மூன்றாவது படத்தில் அலெக்ஸ் ஹொனால்ட் என்பவர் கயிறே இல்லாமல் ஏறுகிறார். என் மனைவி பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, “அவங்க அம்மாவுக்கு இது தெரியுமா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். தெரியும். அந்த அம்மாளே 2017-ல் தன் 66-வது வயதில், மகனோடு இதே பாறையில் (கயிறு கட்டிக்கொண்டுதான்) ஏறியவர். இதைச் சொன்னால் வீட்டில் வேறு விதமான விவாதம் கிளம்பும் என்பதால் சொல்லவில்லை.

ஃப்ரீ சோலோவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தவை முதல் இரண்டு படங்கள்தான்.

முதலில் அந்த ஓட்டை விவகாரம். பாறையேறுபவர்கள் விழுந்தால் பிடித்துக்கொள்ளக் கயிறு வேண்டும். கயிற்றைப் பாறையோடு எதிலாவது பிணைக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதில் ஒரு கருவியைச் செருகலாம், பின்னால் வருபவர் உருவி எடுத்துக்கொள்ளலாம். விரிசலே இல்லாத வழவழ இடத்தில்? துளை போட்டு ஒரு இரும்பை அறைய வேண்டியதுதான். அதுதான் போல்ட். செருகியதை எடுத்துவிடலாம். துளைத்தது துளைத்ததுதான்.

வேலி அப்ரைசிங் இந்தச் சண்டையின் வரலாற்றைச் சொல்கிறது. ஒருபக்கம் ராயல் ராபின்ஸ். ஆசாரமானவர். எவ்வளவு குறைவாகத் துளைக்கிறாயோ அவ்வளவு நேர்மையாக ஏறினாய் என்பது அவர் கட்சி. மறுபக்கம் வாரன் ஹார்டிங். மது, வேகமான கார், எவன் சொல்வதையும் கேளாமை. 1958-ல் எல் கேப்பிட்டனை முதன்முதலில் ஏறி முடித்தது ஹார்டிங்கின் குழு. பல மாதங்களில் விட்டுவிட்டு மொத்தம் 45 நாட்கள், 125 போல்ட்டுகள். 1961-ல் ராபின்ஸும் இரு நண்பர்களும் அதே பாறையில் வேறு வழியாக ஏறினார்கள். 13 போல்ட்டுகள். பதில் சொல்லியாகிவிட்டது.

ஹார்டிங் விடவில்லை. 1970-ல் டீன் கால்ட்வெல் என்பவரோடு ‘டான் வால்’ என்ற பகுதியில் இறங்கினார். இறங்கினார் என்ன, ஏறினார். 27 நாட்கள். முந்நூறுக்கும் மேல் துளைகள். நடுவில் மழை, பனி. மீட்புக் குழு கிளம்பியபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உச்சியில் பத்திரிகைக்காரர்கள் கூட்டம். ராபின்ஸுக்கு எப்படி இருந்திருக்கும்? 1971-ல் ஒரு கூட்டாளியுடன் அதே வழியில் ஏறினார், ஹார்டிங்கின் போல்ட்டுகளை உளியால் வெட்டிக்கொண்டே. ஆனால் கொஞ்ச தூரத்தில் நிறுத்திவிட்டார். மேலே போகப்போக ஹார்டிங்கின் வேலை அவர் நினைத்ததைவிடத் தரமாக, கடினமாக இருந்தது. உளி பைக்குள் போய்விட்டது. மிச்ச தூரத்தை ஹார்டிங் போட்ட இரும்பிலேயே கயிற்றை மாட்டி ஏறினார்.

படம் இதை ரொம்ப சுவாரஸ்யமாகச் சொல்கிறது. சாமியாருக்கும் சண்டியருக்கும் போட்டி என்கிற மாதிரி. என் குறை அதுதான். இரண்டு மனிதர்களின் சுபாவத்தில் படத்துக்கு இருக்கிற ருசி, அந்தக் கேள்வியில் இல்லை. உளி நின்ற அந்த இடத்தில் கேமராவும் நின்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஏறக் கடினமாக இருப்பதுதான் அந்தப் பாறையின் முதல். ஏறுகிறவர்கள் எல்லாரும் அதன் வட்டியை அனுபவித்துவிட்டுப் போகிறார்கள். துளை போடுகிறவன் முதலிலேயே கை வைக்கிறான். இன்று ஏற முடியாததை நாளை ஒருவன் வெறும் கையால் ஏறியிருப்பான், அந்த வாய்ப்பை இவன் இன்றே செலவழித்துவிடுகிறான். சரி, வெட்டுகிறவன்? அவனும் பொதுக் கணக்கில் தன் இஷ்டத்துக்குத் திருத்தம் போடுகிறான். இரண்டு பேருமே பாறையைத் தன் வீட்டுச் சுவர் போலத்தான் நடத்தினார்கள். ஒருவன் ஆணி அடித்தான், இன்னொருவன் பிடுங்கினான்.

இதே கூட்டத்தில் மூன்றாவதாக ஒருவர் உண்டு. இவான் சூனார்ட். பிட்டான் என்கிற இரும்பு ஆணிகளைத் தானே அடித்து, கார் டிக்கியில் வைத்து விற்றவர். அது பெரிய வியாபாரமாக வளர்ந்தது. பிட்டானைத் திரும்பத் திரும்ப அடிப்பதாலும் பிடுங்குவதாலும் விரிசல்கள் சிதைந்துபோவதைக் கண்ணால் பார்த்தார். 1972-ல் தன் கம்பெனி கேட்லாக்கிலேயே ‘ஆணி அடிக்காதீர்கள், கையால் செருகி எடுக்கும் அலுமினியக் கட்டைகளைப் பயன்படுத்துங்கள்’ என்று கட்டுரை வெளியிட்டார். வியாபாரத்தின் பெரும்பகுதியே அந்த ஆணிதான்! எந்த எம்.பி.ஏ.வும் செய்யத் துணியாத காரியம். யாரும் அவர் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. அவராகவே நிறுத்தினார். பின்னாளில் பேட்டகோனியா என்ற துணிக் கம்பெனியை நடத்திய அதே ஆசாமிதான்.

பாறை இருக்கட்டும். பாறைக்குக் கீழே எங்கே தூங்கினார்கள்?

கேம்ப் 4 என்றொரு முகாம். ராபின்ஸ், சூனார்ட் எல்லாரும் மாதக்கணக்கில் அங்கே கூடாரம் போட்டுக் கிடந்தவர்கள். வேலை கிடையாது, வாடகை கிடையாது. நசுங்கிய டின்களில் மலிவாகக் கிடைத்த பூனை உணவைச் சாப்பிட்டதாக சூனார்டே சொல்லியிருக்கிறார். 1976 டிசம்பரில் மரிஜுவானா ஏற்றி வந்த விமானம் ஒன்று பக்கத்து மலையில் உறைந்த ஏரியில் விழுந்தது. அடுத்த தலைமுறைப் பாறையேறிகள் பனியைத் தோண்டி மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்து விற்றார்கள். ஒரு துளை கூடுதலா குறைவா என்று அடித்துக்கொண்ட சமூகம் இதில் கண்ணை மூடிக்கொண்டது. படம் இதையும் ஜாலியான சாகசமாகவே சொல்கிறது. ரேஞ்சர்கள்தான் வில்லன்கள்.

வீடு இல்லாமலிருப்பது வேறு, வீடு வேண்டாம் என்பது வேறு. ஹொனால்ட் சுமார் பத்து வருஷம் வேனிலேயே வாழ்ந்தவர். ஃப்ரீ சோலோவில் அவரும் அவர் காதலியும் லாஸ் வேகாஸில் வீடு வாங்குகிறார்கள். அந்தக் காட்சியில் நான் சந்தோஷப்பட்டேன். கூடவே ஒன்று உறைத்தது. நினைத்தால் வீடு வாங்க முடிகிறவனின் வேன் சுதந்திரம். வாடகை கட்டுப்படியாகாதவனின் வேன் வெறும் வேன். ராத்திரி யாராவது கதவைத் தட்டுவார்கள் என்ற பயத்தோடு தூங்க வேண்டும். யோசெமிட்டியில் முகாம்களுக்கு வெளியே வண்டிக்குள் தூங்குவது விதிமீறல்.

1997 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தது. விடுதிக் கட்டடங்களும் ஊழியர் குடியிருப்புகளும் நாசம். பூங்கா நிர்வாகம் கேம்ப் 4-க்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டத் திட்டமிட்டது. பாறையேறிகள் கொதித்தார்கள். 1961-ல் ராபின்ஸோடு ஏறிய டாம் ஃப்ராஸ்ட் முன்னால் நின்று வழக்குப் போட்டார். ஜெயித்தார்கள். 2003-ல் கேம்ப் 4 தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது.

எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் நினைத்துப் பாருங்கள். காசில்லாமல் ஓசியில் படுத்துக் கிடந்த இடத்துக்கு வரலாற்று மதிப்பு. அங்கே அறை பெருக்கி, பாத்திரம் கழுவி, டூரிஸ்ட்டுக்குப் படுக்கை விரிக்கிறவர்கள் படுக்கக் கேட்ட இடம் ‘கட்டுமானம்’. துளை போடாதே என்று சொல்லும் உரிமை நியாயமானதுதான். அதைச் சொல்கிறவன் ராத்திரி எங்கே தூங்குகிறான், யாருடைய இடத்தில் தூங்குகிறான் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும். அந்த ஊழியர்களைப் பற்றியும் ஒருவர் படம் எடுத்தால் நன்றாக இருக்கும்.

இப்போது ‘தி டான் வால்’. ஹார்டிங் 27 நாள் தொங்கிய அதே சுவர். டாமி கால்ட்வெல், கெவின் ஜோர்கசன் என்ற இருவர் 2014 டிசம்பர் 27 முதல் 2015 ஜனவரி 14 வரை 19 நாட்களில் கை கால் பலத்தால் மட்டுமே ஏறினார்கள். கயிறு உண்டு, விழுந்தால் பிடிக்க மட்டும். (டீன் கால்ட்வெல்லுக்கும் இந்தக் கால்ட்வெல்லுக்கும் உறவில்லை.) டாமிக்கு இடது ஆள்காட்டி விரலில் பாதி கிடையாது. 2001-ல் மர அறுப்பு எந்திரம் கொண்டுபோய்விட்டது. விரல் நுனிதான் மூலதனம் என்கிற தொழிலில்!

அதற்கு முந்தைய வருஷம் நடந்ததுதான் முக்கியம். 2000 ஆகஸ்ட். கிர்கிஸ்தான் மலைகளில் ஏறப்போன நான்கு அமெரிக்க இளைஞர்களை ஆயுதம் தாங்கிய கிளர்ச்சியாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களோடு பிணையாக இருந்த ஒரு கிர்கிஸ் சிப்பாயைச் சுட்டுக் கொன்றார்கள். ஆறு நாள் பசி, குளிர், ஒளிதல். கடைசி ராத்திரி காவலுக்கு ஒரே ஒருவன். செங்குத்தான சரிவில் ஏறும்போது, 22 வயது டாமி அவனைப் பின்னாலிருந்து இழுத்துத் தள்ளிவிட்டார். நால்வரும் ஓடி ராணுவ முகாமைச் சேர்ந்தார்கள்.

தற்காப்பு. எந்த ஊர்க் கோர்ட்டும் குற்றம் சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்ல மாட்டீர்கள். ஆனால் தள்ளிய கணமே உடைந்துபோனவர் டாமி. நான் கொன்றுவிட்டேன் என்ற நினைப்போடு நாடு திரும்பினார். பிறகுதான் தெரிந்தது, அந்தக் காவல்காரன் சாகவில்லை.

இந்தப் பகுதியைப் படம் திறமையாகத்தான் சொல்கிறது. அதை வைத்த இடம்தான் எனக்கு உறுத்துகிறது. கிர்கிஸ்தான், விரல், விவாகரத்து, பிறகு வெற்றி. துன்பம் கூட்டல் உழைப்பு சமம் உச்சி. இந்தக் கூட்டலில் அந்தக் காவல்காரனும், சுடப்பட்ட சிப்பாயும் கதாநாயகனின் ஏணிப்படிகள் ஆகிவிடுகிறார்கள். சிப்பாய்க்கும் வீடு ஒன்று இருந்திருக்குமே?

ஆனால் படத்தைக் காப்பாற்றுகிற ஒரு நீண்ட பகுதி உண்டு. அதற்காகவே நீங்கள் பார்க்க வேண்டும். பதினைந்தாவது கட்டத்தில் கெவின் விழுகிறார். மறுபடி விழுகிறார். நாட்கள் போகின்றன. விரல் நுனித் தோல் கிழிகிறது. டாமியோ கடினமான பகுதியைத் தாண்டிவிட்டார். வருஷக்கணக்காக ஒத்திகை பார்த்த சுவர். தனியாகப் போய் முடித்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் காத்திருந்தார். கெவின் ஏறி வந்தார். இருவரும் சேர்ந்தே உச்சிக்குப் போனார்கள்.

ராபின்ஸ் உளியைப் பைக்குள் போட்டது, சூனார்ட் ஆணியை விட்டது, டாமி காத்திருந்தது. மூன்றையும் எந்தச் சட்டமும் கேட்கவில்லை. சட்டம் ‘செய்யலாம்’ என்று சொன்ன இடத்தில் ‘செய்யத்தான் வேண்டுமா?’ என்று அவர்களாகக் கேட்டுக்கொண்டார்கள்.

இந்தப் போல்ட் விவகாரம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய்விட்டது. 2023-ல் பூங்கா, வனத் துறைகள் காட்டுப் பகுதிகளில் போல்ட்டுக்குக் கிட்டத்தட்டத் தடை போடும் விதிகளை முன்வைத்தன. எதிர்ப்பு கிளம்பியது. 2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டம், போல்ட் போன்றவை அங்கே இருக்கலாம் என்கிறது. ஆனால் எத்தனை, எங்கே என்று பாறை முன்னால் நிற்கிறவன்தான் யோசிக்க வேண்டும். யோசெமிட்டியின் காட்டுப் பகுதிகளில் மோட்டார் டிரில்லுக்கு அனுமதி இல்லை. சுத்தியலால் தட்டித் தட்டிக் கையால்தான் துளைக்க வேண்டும். நல்ல விதி. தடுக்காமல், தோள் வலிக்கிற நேரத்துக்காவது யோசிக்க வைக்கிறது.

டான் வால் முடிந்தபோது மனைவி எட்டிப் பார்த்தார். “என்ன, ஏறிட்டானா?”

“ஏறிட்டான். ஆனா கூட வந்தவன் வர்ற வரைக்கும் மேல போகாம உட்கார்ந்திருந்தான்.”

“அப்ப நல்ல பையன்தான்” என்றார். “இன்னொரு தடவை போடுங்க, முதல்லேர்ந்து பார்க்கிறேன்.”