‘அன்புடன் கைகளால் செய்தது’ – யாருடைய கைகள்?

பரிசுப் பொருள் கடையில் ஒரு துணிப்பையையோ ஓலைப்பெட்டியையோ கையில் எடுங்கள். சணல் கயிற்றில் ஒரு பழுப்பு அட்டை தொங்கும். ‘அன்புடன் கைகளால் செய்தது’, ‘பூமிக்கு நல்லது’, ‘பெண்களுக்கு வாழ்வளிப்பது’ என்பதுபோல ஏதாவது ஒன்று அதில் அச்சாகியிருக்கும். என்ன துணி, என்ன சாயம், மண்ணில் மக்குமா என்றெல்லாம் சொல்லும் அட்டைகளும் உண்டு. செய்த பெண்ணுக்கு என்ன கூலி என்று சொல்லும் அட்டையை மட்டும் நான் இதுவரை பார்த்ததில்லை.

ஒரு கதையை விமர்சிக்கும்போது யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று கேட்கிறோம். அந்தக் கேள்விகளை இந்த அட்டையிடமும் கேட்கலாம். கேட்பதற்குப் பொருத்தமான இடம் பேசின் பிரிட்ஜ். சென்ட்ரலிலிருந்து கிளம்பும் ரயில்கள் வேகமெடுக்கும் முன் கடந்துபோகும் இடம் அது. பாலத்துக்குத் தெற்கே யானைக்கவுனி, அதையொட்டி சௌகார்பேட்டை. கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் கொலுவுக்கும் நாம் கொடுக்கிற ‘ரிட்டர்ன் கிஃப்ட்’ மொத்த விலைக்குக் கிடைக்கிற தெருக்கள் அங்கேதான் இருக்கின்றன. வடக்கே வியாசர்பாடி தாண்டிப் போனால் கொடுங்கையூர்க் குப்பைமேடு. பரிசு கிளம்பும் இடமும், பரிசைச் சுற்றியிருந்த காகிதம் போய்ச்சேரும் இடமும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. நடுவில் இருக்கிற ஒற்றை அறை வீடுகளில் பெண்கள் தைக்கிறார்கள்.

தாம்பூலப் பையை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக இப்போது பருத்தியிலும் சணலிலும் கொடுப்பதுதான் கௌரவம். வெட்டிய துணி கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். பக்கம் மூட்டி, வாய் மடித்து, காதுப் பட்டை வைத்து, பிசிறு வெட்டி, எண்ணிக் கட்டிக் கொடுக்க வேண்டும். கூலி பீஸ் கணக்கு. நூல், ஊசி, மெஷின் ரிப்பேர், மோட்டார் ஓடும் கரண்ட், துணிக்கட்டு அடைத்துக்கொள்ளும் இடம் எல்லாம் பெரும்பாலும் தைப்பவர் பொறுப்பு. தையல் கோணினால் பிரித்துத் தைக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பிசிறு வெட்டுகிறாள். அது ‘அம்மாவுக்கு ஒத்தாசை’. முகூர்த்த மாதங்களில் இரவெல்லாம் வேலை, ஆடியில் மெஷின் மேல் துணி போர்த்தியிருக்கும். இத்தனையையும் நாம் எப்படி அழைக்கிறோம்? ‘வீட்ல சும்மாதானே இருக்காங்க, கிடைக்கிற நேரத்துல தைக்கிறாங்க.’

இந்த ‘சும்மா’வைத் துல்லியமாகப் பிரித்துப் பார்த்தவர் ஜெர்மானியப் பெண்ணியச் சமூகவியலாளர் மரியா மீஸ். ஆந்திராவின் மேற்கு கோதாவரிப் பகுதியில் நரசாபூர் என்ற ஊரைச் சுற்றி, பெண்கள் வீட்டில் உட்கார்ந்து குரோஷா ஊசியால் லேஸ் பின்னினார்கள். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் அறிமுகப்படுத்திய வேலை அது. லேஸ் வெளிநாடு போனது. ஏற்றுமதி செய்தவர்கள் செழித்தார்கள். மீஸின் ஆய்வு 1982இல் புத்தகமாக வந்தது. அவர் காட்டியது இதுதான்: பின்னுகிறவர்கள் தொழிலாளிகளாக அல்ல, ஓய்வு நேரத்தில் பின்னும் ‘இல்லத்தரசிகளாக’ கணக்கிடப்பட்டார்கள். அந்தக் கணக்கினால்தான் கூலியை அவ்வளவு கீழே வைக்க முடிந்தது. உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்த பெண்ணைத் தொழிலாளி என்ற சொல்லுக்கு வெளியே நிறுத்தியது வீடு என்ற முகவரி. நரசாபூரின் லேஸை எடுத்துவிட்டுத் தாம்பூலப் பையை வையுங்கள். வாதத்தில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

பேசின் பிரிட்ஜுக்கு இது இன்னும் கசப்பான வரலாறு. பக்கத்திலேயே பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் இருந்தன. ஜனங்கள் வாயில் பின்னி மில். இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் அந்த மில் தொழிலாளர்களால் உருவானது. மில்லுக்கு ஒரு வாசல் இருந்தது. சங்கு ஊதினால் எல்லாரும் அந்த வாசலில்தான் கூட வேண்டும்; கூட்டம் போட முடிந்தது, வேலைநிறுத்தம் செய்ய முடிந்தது. 1990களில் மில் மூடப்பட்டது. துணி வேலை இந்தப் பகுதியை விட்டுப் போய்விடவில்லை. வீடு வீடாகப் பிரிந்து பெண்களின் மடிக்கு வந்துவிட்டது. நூறு வீட்டில் நூறு பெண்கள் ஒரே ஆர்டரைத் தைக்கும்போது, அவர்கள் கூடுவதற்கு எந்த வாசல்?

அரசின் அட்டையும் இதே மொழியில்தான் பேசுகிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரங்கள் சந்தைகளில் வந்தன. நல்ல திட்டம். ஒருகாலத்தில் ‘மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டான்’ என்று கிராமத்தானைக் கேலி செய்த நகரம், அந்தப் பையைப் பெருமையோடு தோளில் மாட்டுவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், பத்து ரூபாய்க்குள் துணி, சாயம், அச்சு, போக்குவரத்து எல்லாம் அடங்கிய பிறகு தைத்த கைக்கு எவ்வளவு மிஞ்சும்? மானியம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிளாஸ்டிக் கெடுதல் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லும் பிரசாரத்தில் அந்தக் கணக்கும் ஒரு வரியாக இடம்பெற வேண்டும் என்பதே என் விமர்சனம். பூமியைக் காப்பாற்றும் செலவைத் தையற்காரப் பெண்ணின் கூலியில் பிடித்துக்கொள்ள முடியாது.

மிக அழகான ஓர் எதிர்வாதமும் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உள்ள உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம், உமா பிரஜாபதியின் முன்முயற்சியில், சுற்றுவட்ட மீனவக் கிராமப் பெண்களுக்குத் துணிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. தைத்து மிஞ்சிய துண்டுத்துணியில், விரல் நீளமே இருக்கும் குட்டிப் பெண்பொம்மை. பெயர் சுனாமிகா. அதை விற்பதில்லை, பரிசாக மட்டுமே கொடுப்பார்கள். வாங்கியவர் மனமுவந்து தரும் நன்கொடையில்தான் திட்டம் ஓடியது. கடலைப் பார்க்கவே பயந்த பெண்களுக்கு விரல்களுக்கு ஒரு வேலையும், சேர்ந்து உட்கார ஓர் இடமும், கையில் கொஞ்சம் வருமானமும் கிடைத்தன. பொம்மை பல நாடுகளுக்குப் போனது.

சுனாமிகாவை நான் மதிக்கிறேன். தனித்தனி வீட்டுக்குத் துணிக்கட்டு அனுப்பாமல் பெண்களைச் சேர்த்து உட்காரவைத்தது. ‘சுற்றுச்சூழல்’ என்று அலட்டாமல் துண்டுத்துணியைப் பயன்படுத்தியது. ஆனாலும் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. பொம்மை, கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் அன்பளிப்பு. செய்பவருக்கு அது வேலை. கூலி, முகம் தெரியாத ஒருவரின் பெருந்தன்மையை நம்பியிருந்தால், அந்தப் பெருந்தன்மை வற்றும் நாளில் அவர் யாரிடம் போய்க் கேட்பார்? அதே அலை வடசென்னையிலும் அடித்தது. திருவொற்றியூர் கார்கில் நகர் தகரக் கொட்டகைகளிலும் பின்னர் எர்ணாவூர் குடியிருப்புகளிலும் வாழ்ந்த பெண்கள், அந்த அலையில் பிழைத்தவர்கள்தான். அவர்களுடைய வேலைக்கு உலகம் சுற்றும் ஒரு பொம்மைப் பெயர் கிடைக்கவில்லை. துயரத்துக்கு நல்ல கதை அமைந்தால் நன்கொடை வரும், அமையாதவர்களுக்கு? நியாயமான கூலி கதையைக் கேட்டுக்கொண்டு நிற்காது. அதனால்தான் அன்பைவிடக் கூலியை நான் நம்புகிறேன்.

‘பூமிக்கு நல்லது’ என்ற வரியையும் பார்த்துவிடுவோம். பழைய சேலையில் தைத்த மெத்தையுறையை இப்போது ‘அப்சைக்கிள்’ என்று விலை வைக்கிறார்கள். நம் பாட்டிகள் அதே சேலையைத் தூளியாக்கி, பிறகு ஒட்டுப்போர்வையாக்கி, கால்மிதியாக்கி, கடைசியில் கரித்துணியாக்கினார்கள். மாதவிடாய்க்கும் அதிலிருந்துதான் கிழித்தார்கள். அப்போது அதற்குப் பெயர் சிக்கனம், அல்லது ஏழ்மை. இன்று கொடுங்கையூரில் கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் இரும்பையும் கையால் பிரித்தெடுக்கும் பெண்கள், நகரத்திலேயே அதிகம் மறுசுழற்சி செய்பவர்கள். அவர்களை யாரும் சூழலியலாளர் என்று அழைப்பதில்லை. எண்ணூரின் சாம்பலும் கொடுங்கையூரின் புகையும் வடசென்னைக்கு என்றால், ‘பசுமை’ என்ற சொல் மட்டும் தென்சென்னைக் கடையின் அட்டைக்குச் சொந்தமாகிவிடுகிறது.

அப்படியானால் வாங்கவே கூடாதா? வாங்குங்கள். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பின்னும் பெட்டிகளைத் தேடிப்போய்ப் பாருங்கள். ஓலை காய்ந்தபின் எழும் வாசனையே தனி. பத்தமடைப் பாய், செட்டிநாட்டுக் கொட்டான் இரண்டும் தலைமுறை கடந்து உழைப்பவை. நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் சுய உதவிக் குழுக்களின் ‘மதி’ பொருட்கள் கிடைக்கின்றன. எங்கே வாங்கினாலும் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு பொருளுக்குக் கூலி எவ்வளவு? ஒன்று செய்ய எவ்வளவு நேரம்? நூலும் கரண்டும் யார் செலவு? பதில் சொல்லத் தயங்காத கடை நல்ல கடை. மாணவிகள் இதைக் களஆய்வாகவே செய்யலாம். உங்கள் தெருவில் தைக்கும் அக்காவிடமிருந்து தொடங்கினால் போதும்.

அந்த அக்காவிடம் இரண்டு செய்திகளையும் சொல்லிவிட்டு வாருங்கள். தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கிறது; வீட்டில் தைப்பவரும் அதில் பதிவு செய்வதைப் பற்றி விசாரிக்கலாம். வீட்டிலிருந்து வேலை செய்பவரும் மற்ற தொழிலாளருக்குச் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர்கள் எலா பட் 1972இல் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா சங்கத்துப் பெண்கள். இந்தியப் பெண்கள் போராடிப் பெற்ற அந்த உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக் கையெழுத்திடவில்லை. பழுப்பு அட்டையில் கூலி அச்சாகும் நாள் வர வேண்டுமென்றால், நம் கேள்வி கடைக்காரரோடு நின்றுவிடாமல் அந்தக் கையெழுத்து வரை போக வேண்டும்.