எது பழைய கதை?

ஒரு கதையை நெஞ்சார நேசித்தவர்களே அதன் அடுத்த பாகத்தை நெஞ்சார வெறுப்பதும் உண்டு. இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து பிறக்கும் உணர்ச்சிகளே. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' என்னும் அறிவியல் புனைவுத் திரைப்படத்தின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு. ஜார்ஜ் லூகாஸ் எழுதி இயக்கிய அப்படம் காலப்போக்கில் ஒன்பது பாகங்களாக வளர்ந்தது. முதல் மூன்று பாகங்கள் 1977, 1980, 1983ஆம் ஆண்டுகளிலும், அடுத்த மூன்று 1999, 2002, 2005ஆம் ஆண்டுகளிலும் வந்தன. 2012இல் லூகாஸ் தம் நிறுவனத்தை ஏறத்தாழ 405 கோடி டாலருக்கு டிஸ்னி நிறுவனத்திடம் விற்றார். அதன்பின் 2015, 2017, 2019ஆம் ஆண்டுகளில் இறுதி மூன்று பாகங்கள் வெளியாயின. பழையவை சிறந்தவையா, புதியவை சிறந்தவையா என்னும் வழக்கு இப்படங்களின் அன்பர்களிடையே இன்றும் ஓயவில்லை. அவ்வழக்கில் நியாயம் எங்கே உள்ளது, அன்பு எங்கே தடம் புரண்டது என்று காண முயல்வோம்.

பழைய படங்களின் அன்பர்கள் சாட்டும் முதன்மையான குற்றம் இதுவே: புதிய பாகங்கள் பழைய கதையின் பொருளை மாற்றிவிட்டன. மேலோட்டமாகப் பார்த்தால் வலுவான குற்றச்சாட்டுத்தான். ஆனால் பழைய படங்களையே சற்று ஊன்றிக் கவனிப்போம். 1977இல் வந்த படத்தில் முதியவராகிய ஓபி-வான் கெனோபி, இளைஞன் லூக் ஸ்கைவாக்கரிடம் அவனுடைய தந்தையை டார்த் வேடர் என்னும் கொடியவன் கொன்றான் என்று கூறுகிறார். 1980இல் வந்த இரண்டாம் பாகத்திலோ அந்த வேடரே லூக்கின் தந்தை என்று வெளிப்படுகிறது. முதற்படத்தில் நாம் நம்பிய ஒரு கூற்று ஒரு நொடியில் பொய்யாகிவிடுகிறது. அம்முதியவர் தாம் சொன்னதும் ஒரு நோக்கில் உண்மையே என்று 1983இல் விளக்கம் அளிக்க நேர்கிறது.

பழைய கதையின் பொருளை இதைவிட ஆழமாக மாற்றிய பாகம் பின்னர் வந்தவற்றுள் எது? ஆயினும் அந்த 1980ஆம் ஆண்டுப் படமே வரிசையில் தலைசிறந்தது என்று பெரும்பாலோர் இன்று போற்றுகின்றனர். அது வெளியானபோது விமர்சகர்கள் அனைவரும் அதனை வரவேற்றுவிடவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. ஆகவே புதியது பழையதை மாற்றியது என்பது மட்டும் குற்றமாகாது. அந்த மாற்றத்தால் கதை ஆழம் பெற்றதா, மேலோட்டமாயிற்றா என்பதே உரைகல்.

இவ்வுரைகல்லில் இறுதி மூன்று பாகங்களையும் உரைத்துப் பார்க்கலாம். 2015ஆம் ஆண்டுப் படம் பழையதை மிகவும் மதிப்பது போலத் தோன்றுகிறது. பாலைவனத்தில் வாழும் அநாதை, இரகசியம் சுமந்து வரும் சிறிய இயந்திரம், கோள்களையே அழிக்கவல்ல பேராயுதம் என 1977ஆம் ஆண்டுப் படத்தின் அமைப்பே அதில் திரும்பவும் வருகிறது. பார்த்தவர்கள் மகிழ்ந்தனர், ஆனால் அந்த மகிழ்ச்சி பெரும்பாலும் பழைய நண்பரை அடையாளம் கண்டுகொள்ளும் மகிழ்ச்சியே. 2019ஆம் ஆண்டுப் படமோ அஞ்சிப் பின்வாங்கியது. நாயகி ரேயின் பெற்றோர் பெயரும் புகழும் அற்ற எளியோர் என்று 2017இல் கூறப்பட்டிருந்தது. பேராற்றல் பெருங்குடியில் மட்டுமே பிறப்பதன்று என்னும் உயரிய கருத்து அதில் அடங்கியிருந்தது. 2019ஆம் ஆண்டுப் படம் அதனைக் கைவிட்டு, 1983இல் மடிந்த பேரரசனை மீண்டும் கொணர்ந்து, ரே அவனுடைய பேத்தி என்றது. மூன்று பாகங்களும் ஒரே சிந்தனையால் கோக்கப்படவில்லை என்று அன்பர்கள் குறைகூறுவதில் நியாயம் உண்டு.

ஆனால் அவர்களுள் பலர் மிகவும் சினந்தது 2017ஆம் ஆண்டுப் படத்தின் மீதே. அதில் முதுமையடைந்த லூக், உறங்கிக்கொண்டிருக்கும் தன் மருமகனிடம் தீமை வளர்வதை உணர்ந்து, ஒரு கணம் ஒளிவாளை ஏந்திவிடுகிறான். மறுகணமே வெட்கமுறுகிறான், ஆனால் விழித்துக்கொண்ட மருமகன் அந்த வாளைப் பார்த்துவிடுகிறான். கொடிய தந்தையையே கொல்ல மறுத்த லூக் இவ்வாறு செய்வானா என்பது அன்பர்களின் கேள்வி. லூக்காக நடித்த மார்க் ஹாமிலும் இயக்குநர் ரியான் ஜான்சனின் பார்வையோடு தமக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகவே கூறியிருந்தார்.

நாம் 1983ஆம் ஆண்டுப் படத்தின் அக்காட்சிக்குத் திரும்புவோம். தன் தங்கைக்கு ஆபத்து என்றதும் லூக் வெறிகொண்டு பாய்ந்து தந்தையின் கையை வெட்டி வீழ்த்துகிறான். அதன் பின்னரே தன் செயலைக் கண்டு திடுக்கிட்டு வாளை வீசி எறிகிறான். அவனுடைய பெருமை சோதனையே வராத பெருமையன்று. வீழ்ச்சியின் விளிம்பில் திரும்பிய பெருமை. 2017ஆம் ஆண்டுப் படத்தின் முடிவிலும் அவன் தொலைவிலிருந்து தன் உருவத்தை மட்டும் தோன்றச் செய்து, எவரையும் வெட்டாமலே எதிரியின் படையைத் தடுத்து நிறுத்தி உயிர்விடுகிறான். வாளை எறிந்த இளைஞனும் வாள் வீசாமல் வென்ற முதியவனும் ஒருவனே. இங்கே புதிய படம் பழையதை நன்கு வாசித்திருக்கிறது என்பதே நம் முடிவு.

இனி, 'பழைய படம்' என்பதுதான் எது? 1977இல் ஹான் சோலோ என்னும் கடத்தல்காரன் மதுக்கடையில் தன்னை மிரட்டிய கிரீடோவை முந்திக்கொண்டு சுட்டான். 1997இல் லூகாஸ் அதனைத் திருத்தி, கிரீடோ முதலில் சுட்டதாகக் காட்டினார். 2004இலும் 2019இலும் அதே காட்சி மேலும் மாறியது. ஓலைச்சுவடிகளில் பாடபேதம் கண்ட நமக்கு இது புதிதன்று. ஆனால் சுவடிகளில் பழைய பாடமும் காக்கப்பட்டது. இங்கே அதனை மக்கள் கண்ணில் படாமல் மறைத்தவர் படைத்தவரே. பழைய திரைப்படங்கள் திருத்தப்படுவதை எதிர்த்து 1988இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பேசியவரும் இதே லூகாஸ்தான். முதல் வடிவத்தைக் காத்துத் தர வேண்டும் என்னும் அன்பர்களின் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலண்டனில் அக்காலத்து மூலப்பிரதி ஒன்று திரையிடப்பட்டமை அவர்களுக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது.

அன்பு தடம் புரண்ட இடத்தையும் நாம் சொல்லாமல் விடலாகாது. 1999ஆம் ஆண்டுப் படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்னும் கோமாளிப் பாத்திரத்திற்கு உயிரூட்டியவர் அகமது பெஸ்ட். அப்பாத்திரம் ஓர் இனத்தாரைக் கேலி செய்வது போன்றது என்ற விமர்சனம் விவாதத்திற்கு உரியது. ஆனால் எழுத்தின் மீது விழவேண்டிய அடி நடித்தவர் மீது விழுந்தது. அந்நாளில் உயிரையே மாய்த்துக்கொள்ள எண்ணியதாக அவர் 2018இல் மனம் திறந்து கூறினார். அதே ஆண்டில், 2017ஆம் ஆண்டுப் படத்தில் நடித்த வியட்நாமிய வழிவந்த கெல்லி மேரி டிரான், இனத்தைச் சுட்டிய இழிசொற்களால் மனம் வெதும்பிப் பொதுவெளியிலிருந்து சிறிது காலம் ஒதுங்கினார். ஒரு படம் நம் இளமை நினைவைப் புண்படுத்தியது என்பதற்காக ஒரு மனிதரின் வாழ்வைப் புண்படுத்த எவருக்கு உரிமை உண்டு? படைப்பைத் தீர்ப்பிடுவது திறனாய்வு. ஆளைத் தீர்ப்பிடுவது வன்முறை.

காலம் இவ்வழக்கில் ஒரு மெல்லிய தீர்ப்பை வழங்கியிருக்கிறது. 1999இல் பெரியவர்கள் ஏளனம் செய்த படத்தைச் சிறுவர்கள் விரும்பிப் பார்த்தனர். அச்சிறுவர்கள் வளர்ந்தபோது அவர்களுக்கு அதுவே பழைய படமாயிற்று. 2005ஆம் ஆண்டுப் படம் 2025இல் மீண்டும் திரைக்கு வந்தபோது ஏராளமானோர் அரங்குகளை நாடிச் சென்றனர். 2023இல் அகமது பெஸ்ட் ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒளிவாள் ஏந்திய ஜெடாய் வீரராகத் தோன்றியபோது, முன்பு அவரை வெறுத்த அதே அன்பர் கூட்டம் அவரை ஆரவாரத்துடன் வரவேற்றது. அவருக்கு அந்த வரவேற்பு இருபத்து நான்கு ஆண்டுகள் தாமதித்து வந்தது. புதியதைப் பார்த்து முகம் சுளிக்கும் முன்னர், அதுவே யாரோ ஒரு குழந்தையின் பழைய கதையாக முளைத்துக்கொண்டிருக்கலாம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.