கொக்கி வைத்த டின்னும் வெந்நீரும்

சீஸ் கேக் வெந்து ஆறி, ஓர் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருந்து, மறுநாள் காலையில் டின்னின் கொக்கியைத் தளர்த்தும்போது பக்க வளையம் அப்படியே விலகிக்கொடுக்கும். கேக் அலுங்காமல் அடித்தட்டில் நிற்கும். ஸ்பிரிங்ஃபார்ம் டின் பேர் வாங்கியது இந்த ஒரு நொடிக்காகத்தான். மற்ற கேக்குகளைக் கவிழ்த்து எடுத்துவிடலாம். கிரீம் சீஸும் முட்டையும் சேர்ந்து இறுகிய இந்த மெத்தென்ற பண்டத்தைக் கவிழ்த்தால் மேல்பரப்பு நசுங்கும், அடியில் அழுத்திவைத்த பிஸ்கட் பொடி உதிரும்.

ஆனால் விலகிக்கொடுக்கிற அதே இணைப்புதான் ஒழுகவும் செய்கிறது. நியூயார்க் பாணி சீஸ் கேக்குக்கான செய்முறைகளில் பல, இந்த டின்னைக் கொண்டுபோய் வெந்நீர்த் தட்டுக்குள் வைக்கச் சொல்கின்றன. பொருந்தாத இரண்டைச் சேர்த்துவைக்கும் வழக்கம் இது என்றே எனக்குப் படுகிறது.

வெந்நீர் வைப்பதற்கான காரணத்தில் பிழையில்லை. பெயரில் கேக் இருந்தாலும் இது முட்டையால் இறுகும் கஸ்டர்ட் வகை. நடுப்பகுதி 65 டிகிரி செல்சியஸை எட்டியதும் வெளியே எடுத்தால் வழுவழுப்பாக இருக்கும். 70-ஐத் தாண்டிப் போகப் போகப் புரதம் சுருங்கி, மேலே வெடிப்பு விழும். ஓவன் 160 டிகிரியில் எரிந்தாலும் டின்னைச் சுற்றியுள்ள நீர் 100-ஐத் தாண்டாது. அதனால் ஓரம் முந்திக்கொள்ளாமல் நடுப்பகுதியோடு சேர்ந்து வேகும்.

சிக்கல், நீர் உள்ளே புகாமல் தடுப்பதில் இருக்கிறது. ஃபாயிலை இரண்டு சுற்று சுற்றினால் போதும் என்பார்கள். நானும் அப்படித்தான் சுற்றினேன். வெந்தபின் பிரித்துப் பார்த்தால், ஃபாயிலுக்குள் கால் டம்ளர் வெதுவெதுப்பான நீர். மொறுமொறுவென்று இருக்கவேண்டிய பிஸ்கட் அடி, ஈர மணல்போல விரலில் ஒட்டியது. கொக்கியின் முனையோ நகமோ பட்டால் போதும், கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்துவிடும். உள்ளே வந்த நீருக்கோ வெளியேற வழி கிடையாது. காப்பதற்காகச் சுற்றிய ஃபாயிலே கிண்ணமாகி, அந்த நீரை இணைப்போடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதைவிட, 9 அங்குல ஸ்பிரிங்ஃபார்மை இணைப்பில்லாத 10 அங்குல டின்னுக்குள் இறக்கி, அதை வெந்நீரில் வைப்பது எவ்வளவோ மேல். நடுவே காற்று இருப்பதால் வேக நேரம் கூடும். ஆனால் ஒரு சொட்டு உள்ளே போகாது.

அடித்தட்டு தனியாகக் கழன்று வரும் டின்னும் உண்டு. பக்கம் நேராக, அழகாக வரும். ஆனால் இறுக்கிப் பிடிக்கக் கொக்கி இல்லாததால் வெந்நீருக்கு அது இன்னும் ஆகாது.

அளவில் அலட்சியம் கூடாது. 9 அங்குல டின்னின் பரப்பு 8 அங்குலத்தைவிடக் கால் பங்குக்கும் கொஞ்சம் அதிகம். பெரியதற்கான கலவையைச் சின்னதில் ஊற்றினால் உயரம் அந்த அளவுக்குக் கூடி, நடு வேகுமுன் ஓரம் வறண்டுவிடும். நிறமும் கணக்குதான். கருத்த டின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஓரத்தைச் சீக்கிரம் சிவக்க வைக்கும்.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், சான் செபஸ்டியான் நகரத்து லா வின்யா உணவகம் இந்தச் சிக்கலைப் பக்கத்திலேயே வரவிடவில்லை. 1990-ஐ ஒட்டி சாந்தியாகோ ரிவேரா அங்கே உருவாக்கிய சீஸ் கேக்கில் பிஸ்கட் அடியும் இல்லை, வெந்நீரும் இல்லை. டின்னுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி பட்டர் பேப்பரைப் போட்டு, அதில் கலவையை ஊற்றி, கடும் சூட்டில் மேல்புறம் கருகச் சிவக்கும்வரை சுடுகிறார்கள். இணைப்பின் வழியாகக் கலவை ஒழுகாமல் பேப்பரே பார்த்துக்கொள்கிறது. டின்னின் இயல்பை அறிந்து சூட்டைத் தேர்ந்தெடுத்த முறையாக இதை மதிக்கிறேன், ருசி வேறென்றாலும்.

நியூயார்க் பாணியின் வழுவழுப்புதான் வேண்டுமென்றால், இப்போது நான் ஓவனையே 110, 120 டிகிரிக்கு இறக்கிவிடுகிறேன். வெளிர்நிற அலுமினிய ஸ்பிரிங்ஃபார்ம், தண்ணீர் இல்லை, ஒன்றரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். வெளியே எடுத்ததும் ஓரத்தில் மெல்லிய கத்தியை ஒரு சுற்று விட்டுவிட வேண்டும்; ஆறும்போது கேக் சுருங்கும், பக்கத்தில் ஒட்டியிருந்தால் நடுவில் பிளக்கும். கலவை ஊற்றுமுன்பே அடித்தட்டைத் திருப்பி, மேடான விளிம்பு கீழே வரும்படி மாட்டியிருப்பேன். தட்டுக்கு மாற்றும்போது பிஸ்கட் அடி எங்கும் இடறாமல், வழுக்கிக்கொண்டு முழுசாக வந்துவிடுகிறது.