காசுலாவும் கம்பளியும்: கண்டிப் பகுதியில் திருவழிபாட்டு உடையின் சுதேசப் பாங்கு

கலை இலக்கியம் பற்றிய நமது ஆய்வுகளில் தைத்த துணிக்கு இடமிருப்பதில்லை. கோயிற் சிற்பமும் ஓவியமும் கூத்தும் ஆராயப்பட்ட அளவுக்கு, பீடத்தின் முன் நிற்கும் கத்தோலிக்கக் குருவானவரின் உடை ஆராயப்பட்டதில்லை. பக்திக்குரிய பொருள் என்று விசுவாசிகளும், வெறும் பகட்டு என்று முற்போக்காளரும் அதனைத் தவிர்த்து விடுகின்றனர். ஆயின், வெட்டித் தைத்து, நிறமும் சின்னமும் ஏற்றி, கூடியிருக்கும் மக்கள்முன் அணியப்படும் உடை, ஒரு காவியத்தைப் போலவே தன் காலத்தின் கருத்துநிலையைச் சுமந்து நிற்பதாகும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் திருவழிபாட்டு உடைகள் சுதேச வடிவம் பெறவேண்டுமென்ற எண்ணம் இலங்கையிலும் வலுப்பெற்றது. கண்டிப் பகுதியில் அந்தச் சுதேசம் எவருடைய சுதேசம் என்பதே இக்கட்டுரையின் வினா.

வெண்ணிற நீள் அங்கிக்கும் தோளில் இடும் ஸ்தோலாவுக்கும் மேலாகக் குருவானவர் அணியும் காசுலா, உரோமப் பேரரசில் வழங்கிய ‘பேனுலா’ என்னும் போர்வையின் வழிவந்தது. ஆளுவோர்க்கென அமைந்த உடையன்று அது. பயணிகளும் படைவீரரும் அடிமைகளும் மழைக்கும் குளிருக்கும் போர்த்திக்கொண்ட முரட்டுத் துணி. உடல் முழுவதையும் மூடியமையால், இலத்தீனில் ‘சிறு வீடு’ எனப் பொருள்படும் ‘காசுலா’ என்ற பெயர் அதற்கு ஏற்பட்டது. மக்களின் உடைவழக்கு மாறியபின்னரும் குருமார் பழைய போர்வையைக் கைவிடவில்லை. வழக்கொழிந்த சாதாரண உடை, வழக்கொழிந்தமையினாலேயே புனித உடையாயிற்று. (வழக்கொழிந்த மொழி புனித மொழியாவதும் இவ்வாறே என்பது தமிழ், வடமொழி மாணவர்க்குப் புதிதன்று.)

அதன் வடிவ மாற்றத்தை உற்பத்தியின் வரலாற்றோடு இணைத்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஆதியில் அரைவட்டமாக வெட்டிய துணியை முன்புறம் பொருத்தித் தைத்தனர்; கைகளை உயர்த்தும்போது துணி மடிப்பு மடிப்பாகத் தோளில் ஒதுங்கும். செல்வம் பெருகிய திருச்சபை கனத்த சரிகைப் பட்டை நாடியபோது கையை உயர்த்துவதே சிரமமாயிற்று. ஆகவே பக்கங்கள் வெட்டிக் குறைக்கப்பட்டன. ஈற்றில், முன்னும் பின்னும் இரு பலகைகள் தொங்குவது போன்ற விறைப்பான வடிவம் தோன்றிற்று. பொன்னிழை துணியினூடே இழுக்க இயலாத தடிப்புடையது. அதனை மேற்பரப்பிற் கிடத்தி, மெல்லிய பட்டு நூலால் இடையிடையே கட்டிவைப்பர். பார்ப்போர் கண்ணுக்குத் தெரிவது பொன். அதனைத் தாங்கும் தையல் தெரிவதில்லை. தைத்த கையும் அவ்வாறே. குடியேற்றக் காலக் கன்னியர் மடங்களில் அநாதைச் சிறுமியர்க்கு ரேந்தையும் பூவேலையும் கற்பிக்கப்பட்டமை அறக்கொடையாகவே எழுதப்பட்டுள்ளது, உழைப்பாக எழுதப்படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகைய பட்டின் பெரும் உற்பத்தித் தளங்களுள் ஒன்று பிரான்சின் லியோன் நகரம். அந்நகர நெசவாளர் 1831இலும் 1834இலும் கிளர்ந்தெழுந்தமை தொழிலாளர் இயக்க வரலாற்றின் தொடக்க அத்தியாயங்களுள் ஒன்றாகும். 1894இல் அரிஸ்தீத் புருவான் அவர்களைப் பற்றி இயற்றிய பாடலுக்குக் காசுலாவே கருப்பொருளானது தற்செயலன்று.

கண்டி மறைமாவட்டம் 1886இல் இத்தாலிய சில்வெஸ்திரிய ஆசீர்வாதப்பர் சபையினரின் பொறுப்பில் அமைந்தது. 1893இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் அம்பிட்டியவில் நிறுவிய குருமடத்தில், அது 1955இல் பூனாவுக்கு இடம்மாறும் வரை, இந்திய, இலங்கை மாணவர் யேசுசபையினரிடம் பயின்றனர். குருப்பட்டத்தின்போது அவர்கள் அணிந்தது ஐரோப்பியத் தையலையே.

ஆயினும் கண்டிக்குக் கத்தோலிக்கம் மீண்டும் வந்தது பட்டுடுத்தியன்று. கோவாவைச் சேர்ந்த யோசவ் வாஸ் அடிகள் ஒல்லாந்தரின் தடையை மீறி 1687இல் யாழ்ப்பாணம் வந்தபோது ஏழை இரவலர் கோலத்தில் வந்தார். 1692இல் கண்டி சென்று, போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டார். திருச்சபை வரலாற்றாசிரியர் அக்கோலத்தை விவேகமான உபாயமாகக் காட்டுவர். காவலாளி ஏழையின் முகத்தை உற்றுநோக்குவதில்லை என்ற வர்க்க உண்மையின் மீதே அந்த உபாயம் நின்றது என்பதை எவரும் சொல்வதில்லை.

1963 டிசம்பரில் வெளியான சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, உடையில் ஆடம்பரத்தைத் தவிர்த்து உயரிய எளிமையழகை நாடுமாறு பணித்தது. உடையின் பொருளையும் வடிவையும் உள்ளூருக்கேற்ப மாற்றவும் இடமளித்தது. 1969 ஏப்ரலில் இந்திய ஆயர்கள் பெற்ற பன்னிரு அனுமதிகளுள் ஒன்று, பழைய உடைத்தொகுதிக்குப் பதிலாக ஒற்றை அங்கியும் அங்கவஸ்திரமும் போதும் என்பது. இது முன்னேற்றமே. ஆயின் அங்கவஸ்திரம் வரலாற்றில் எவருடைய தோளிற் கிடந்தது? தோளில் துண்டிடும் உரிமைக்கே தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. இச்சிக்கல் பழையது. 1606இல் மதுரை வந்த தத்துவ போதகர் றொபேட் டி நொபிலி காவி தரித்துப் பிராமண சந்நியாசியானார்; அக்கோலத்தில் அவர் தாழ்த்தப்பட்டோருடன் வெளிப்படையாகப் பழக இயலவில்லை. 1640இல் பல்தசார் த கோஸ்தா பண்டாரக் கோலம் பூணவேண்டியதாயிற்று. ‘சுதேச உடை’ என்பது ஒன்றன்று, சாதிக்கு ஒன்று என்பதை மதுரை மிசன் அன்றே காட்டிவிட்டது.

கண்டியில் இவ்வினா வேறு வடிவில் எழுகின்றது. அங்கு சுதேசத்துக்கு ஆயத்தமான இலக்கணம் ஒன்று உண்டு; அது அரசவையின் இலக்கணம். 1935இல் நிறைவுற்ற அங்கிலிக்கன் திருக்கோயிலாகிய திரித்துவக் கல்லூரி ஆலயம், கண்டி அரசனின் கொலுமண்டபத்தை மாதிரியாகக் கொண்டது. உடைகளுக்குப் பூவேலை செய்வோர் கையாளும் ‘லியவெல’ என்னும் கொடியலங்காரமும் அன்னமும் பூரண கும்பமும் அதே மரபினவே. அம்மரபை உலகறியச் செய்த ஆனந்த குமாரசுவாமியின் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ (1908) பிரித்தானிய வணிகம் கைவினையைச் சிதைத்தமையைச் சரியாகவே இனங்கண்டது. ஆனால் நிலத்துக்கு ஈடாகச் சேவை பெற்ற இராஜகாரிய முறையை அது இணக்கமான ஒழுங்காகவே கண்டது. அரசனுக்கும் பிரதானிகளுக்கும் தைத்த ஹன்னாலிக் குலத்தினருக்கும், தும்பறைப் பாய் நெய்த கின்னர சமூகத்தினருக்கும் அந்த ஒழுங்கு விதித்த இழிநிலை, கோலங்களின் அழகில் மறைந்துபோகின்றது. தும்பறை நெசவை 2021இல் யுனெஸ்கோ மானுட மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. நெய்தோரின் சாதி வரலாறு அக்கோலங்களைப் போலப் பரவவில்லை.

இங்கு நிறம் பற்றியும் ஒரு சொல். 1570ஆம் ஆண்டின் பூசை நூல்முறை மரித்தோர் பூசைக்குக் கறுப்பை விதித்தது. சங்கத்தின் பின்னர் வெள்ளைக்கும் அனுமதி கிடைத்தது. உரோமாபுரி வெள்ளைக்குக் கூறிய பொருள் உயிர்ப்பு. இங்குள்ள சிங்களவரும் தமிழரும் அதிற் கண்டது தமது துக்க வெள்ளையை. கலையென்று எவரும் காட்சிக்கு வைக்காத இம்மாற்றமே, எனது மதிப்பீட்டில், மக்கள் வழக்கோடு உண்மையாகப் பொருந்திய ஒன்று.

அரசவைச் சின்னத்தைச் சுதேசமெனக் கொள்வதன் முரண்பாடு நகரத்தைச் சூழ்ந்த தோட்டங்களில் வெளிப்படுகின்றது. கண்டி மறைமாவட்டத்துக் கத்தோலிக்கருட் கணிசமானோர் தோட்டத் தொழிலாளர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களைச் சுதேசிகள் அல்லர் என்றது; 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிக்க விட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே வந்தது. சங்கத்தின் பின் சுதேச உடை பற்றிப் பேசப்பட்ட ஆண்டுகளில், அதன்முன் முழந்தாளிட்ட பெண்ணுக்குச் சுதேசமே இருக்கவில்லை.

அவளுக்கும் ஓர் உடை உண்டு. இடுப்பிற் சுற்றிய படங்கு. மழைக்குக் கொங்காணியாக மடித்துத் தலையிலிட்ட கம்பளி. தோட்டம் வழங்கிய அக்கம்பளியின் விலை தொழிலாளியின் கணக்கிற் பற்றெழுதப்பட்டதுண்டு. பேனுலாவுக்குக் கண்டி மலைகளில் நேர்நிகரான ஆடை இதுவே: மழைக்கான போர்வை, உழைப்போருக்குரியது, முரட்டுத்துணி. ‘சிறு வீடு’ என்ற பெயரும், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையை அறிந்தவர்க்கு வேறு வகையில் ஒலிக்கும்.

இதனால் கம்பளியிற் காசுலா தைக்கவேண்டும் என்பது எமது வாதமன்று. அவ்வாறு செய்தால் வறுமை மற்றோர் அலங்காரமாகும். திஸ்ஸ பாலசூரிய அடிகள் 1977இல் வெளியிட்ட ‘நற்கருணையும் மனித விடுதலையும்’ என்ற நூலில், நூற்றாண்டுக் கணக்காக நற்கருணை கொண்டாடிய சமூகங்கள் சுரண்டலிலிருந்து விலகாதது ஏன் என வினவினார். 1988இல் அலோசியஸ் பீரிஸ் அடிகள், ஏழைகளின் விடுதலையிலிருந்து பிரிந்த பண்பாட்டுமயமாக்கத்தைக் கண்டித்தார். எனினும் இவ்விரு விமரிசனங்களும் தையலறைவரை செல்லவில்லை. உடையை அணிபவர் பற்றியும் காண்பவர் பற்றியும் அவை பேசின. தைப்பவர் பற்றிப் பேசவில்லை.

செயலில் வேறு பாதையொன்றும் இருந்தது. போல் கஸ்பெர்ஸ் அடிகள் 1972இல் கண்டியில் தொடங்கிய சத்தியோதயம், சிங்களக் கிராமத்தவரையும் தோட்டத் தமிழரையும் ஒன்றாக அமரச் செய்தது. அதே ஆண்டில் லியோ நாணயக்கார ஆயர் கண்டியை விட்டு, புதிதாய் அமைந்த பதுளை மறைமாவட்டத்தை ஏற்றார். பண்டாரவளையில் அவர் அமைத்த சேவக செவனவில், குருமாணவரின் பயிற்சி கிராமத்தாரோடும் தோட்டத்தாரோடும் வாழ்வதிலிருந்தே தொடங்கிற்று. என்ன உடுத்துவது என்ற வினா அங்கு அதன் பின்னரே வந்தது.