யானையின் மனம்: பெரியபுராணமும் மாதங்கலீலையும்

பக்தி நூல்கள் விலங்கிற்கு உள்ளம் அளித்தன என்றும், சாத்திர நூல்கள் அதனைப் பயன்படுபொருளாக மட்டுமே கண்டன என்றும் கருதும் போக்கு உண்டு. இடைக்கால மனிதர் யானையை எவ்வாறு எண்ணினர் என்பதைக் காட்டும் இரு நூல்களை ஒப்புநோக்க, இக்கருத்து மறுஆய்வுக்குரியதாகிறது. ஒன்று, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம். மற்றொன்று, இடைக்கால யானைநூல் மரபை உட்கொண்டு கேரளத்துத் திருமங்கலத்து நீலகண்டன் வடமொழியில் யாத்த மாதங்கலீலை. யானையின் இலக்கணம், பருவம், மதம், பிடிக்கும் முறை, பராமரிப்பு முதலியவற்றை 12 படலங்களில் கூறும் இந்நூலைத் த. கணபதி சாஸ்திரி திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் 1910இல் பதிப்பித்தார்.

எறிபத்தர் புராணத்தில், கருவூரில் சிவகாமியாண்டாரின் பூக்களைச் சிதறிய பட்டத்து யானை மழுவால் வெட்டப்படுகிறது. அதனைத் தடுக்காத பாகர் முதலிய ஐவரும் கொல்லப்படுகின்றனர். அத்தண்டனை போதாதெனில் தன்னையும் கொல்லுமாறு புகழ்ச்சோழர் வாளை நீட்டுகிறார். குற்றத்தின் பொறுப்பு விலங்கிலிருந்து பாகருக்கும், பாகரிடமிருந்து அரசனுக்கும் விரிகிறது. எனினும் யானை என்ன உணர்ந்தது என்பது கதைக்குத் தேவைப்படவில்லை. திருவானைக்காவில் சிவனை வழிபட்ட யானைக்கு மனம் உண்டு. அது அடியாரின் மனம். விலங்கு அடியாராகும்போதே அதன் அகம் கவிஞருக்குப் புலனாகிறது.

மாதங்கலீலையின் தொன்மம் வேறு வகையினது. விண்ணிலும் மண்ணிலும் விரும்பியபடி திரிந்த யானைகள் ஆலமரக் கிளையொன்றை முறித்ததால் தீர்க்கதபசு முனிவரின் சாபம் பெற்று மனிதரின் ஊர்திகளாயின என்கிறது அது. அடிமைத்தளைக்கு விலங்கின் பழம்பிழையே காரணமாகிவிடுவதால், பிடிப்பவன் பழியிலிருந்து நீங்குகிறான். ஆயினும் அதே நூல், பிடிபட்ட யானை காட்டு வாழ்வை நினைந்து ஏங்கி, கட்டும் அச்சமும் கடுஞ்சொல்லும் தாளாது மெலிந்து நெடுநாள் உயிர் தரியாது என்று பதிவு செய்கிறது. இவ்வறிவை அருளிய பாலகாப்பியர் பெண்யானையின் வயிற்றில் பிறந்து யானைகளோடு வளர்ந்தவர். அங்க நாட்டு மன்னன் உரோமபாதன் பிடித்த தம் கூட்டத்தைத் தொடர்ந்து வந்து புண்களுக்கு மருந்திட்டவர். சிறைப்பட்டோரின் உறவினரே யானை மருத்துவத்தின் முதலாசிரியர் என்பது கருதத்தக்கது.

மாதங்கலீலை யானையை விடுவிக்குமாறு கூறவில்லை. அத்துயரைத் தணித்து அதனைப் பணிக்கு ஆக்குவதே அதன் நோக்கம். ஆனால் பேணுவதற்கு அருகிருந்து காண வேண்டியிருந்தது. அக்காட்சி, சாபக்கதை மூடிய உண்மையை வெளிப்படுத்திவிட்டது. பெரியபுராணத்திலோ இறையருளால் உயிர்த்தெழும் யானை மீண்டும் அரசனைச் சுமக்கவே எழுகிறது.

ஆகவே இடைக்கால விலங்குச் சிந்தனையைப் பக்திப் பனுவல்களின் குறியீடுகளால் மட்டும் அளத்தல் நிறைவுடையதன்று. பிடித்தலையும் பழக்குதலையும் கற்பிக்கும் சாத்திரங்களே விலங்கின் துயருக்கு முதன்மைச் சான்றாதலும் உண்டு. கோயில் விழாக்களில் யானைகளை நிறுத்துவது குறித்துக் கேரளத்தில் இன்றும் நிகழும் விவாதத்தில், அத்துயரம் புதிய கண்டுபிடிப்பன்று என்பதை இந்நூல் உணர்த்துகிறது.