கேட்பவரின் முகம்

‘காதலிக்க நேரமில்லை’ (1964) பற்றிப் பேச்சு வந்தால், கமர்ஷியல் ஹாஸ்யம் என்று ஒதுக்கிவிடுவோம். அல்லது நாகேஷின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். இரண்டும் ஒரே சோம்பல்தான். பெர்க்மனின் மௌனத்தைப் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த நமக்கு, சிரித்ததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

எல்லோருக்கும் நினைவிலிருப்பது, செல்லப்பா தன் தகப்பனார் விஸ்வநாதனுக்குச் சினிமாக் கதை சொல்லும் காட்சி. கவனித்துப் பார்த்தால் நாகேஷ் கதை என்று எதுவும் சொல்லவில்லை. இருட்டு, சில சப்தங்கள், யாரோ வருகிற பாவனை, அவ்வளவுதான். பயம் உண்டாகிற இடம் பாலையாவின் முகம். எஸ்டேட் முதலாளியின் அலட்சியத்தோடு உட்கார்ந்தவர் தன்னை அறியாமலே நம்ப ஆரம்பிக்கிறார். 1936இல் ‘சதி லீலாவதி’யில் தொடங்கி, எத்தனையோ படங்களில் வில்லனாகப் பிறரை மிரட்டிய முகம் அது. அந்த முகம் மிரளும்போது சிரிப்புக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது.

இந்தப் படம் தொலைக்காட்சியில் வந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடிவிடுவோம். ஆங்கிலம் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டவர் அப்பா. நான் எழுதியது எதையும் படித்ததில்லை. இந்தக் காட்சியில் மட்டும் கண்ணில் நீர்வரச் சிரிப்பார். உருப்படாத பிள்ளையின் உளறலுக்கு ஒரு தகப்பன் மெய்யாகவே காது கொடுத்துவிட்ட விபரீதம் அவரைத் தொடுகிறதோ என்னவோ. அம்மா சிரிப்பது வேறிடத்தில். முத்துராமன் பணக்காரக் கிழவராக வேஷம் போட்டு வர, பாலையா குழைகிறாரே, அங்கே. பணத்துக்கு முன் ஆண்கள் குழைவதை நிறையப் பார்த்தவள் அவள். என் ஆறு வயதுப் பெண்ணுக்கு நாகேஷ் எழுப்பும் சப்தங்களே போதும். ஒரே கூடத்தில் மூன்று வெவ்வேறு சிரிப்புகள். ‘குடும்பப் படம்’ என்ற தேய்ந்த சொல்லுக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.

ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’ (1959) தியாகத்தைத் தூக்கிப் பிடித்த படம். தங்கவேலுவின் ஹாஸ்யம் அதில் தனியாக ஓடும் கிளை. இங்கே ஹாஸ்யமே உடம்பு. ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் யாரையும் தியாகம் செய்ய விடவில்லை. அந்த நாளில் இது சின்ன விஷயமல்ல.

குறையும் உண்டு. பணத்தாசை பிடித்த தகப்பனைக் கேலி செய்யும் படம் பணத்தைக் கேலி செய்யவில்லை. வேலை போன அசோக் முதலாளி வீட்டெதிரே கூடாரம் அடிக்கிறான். அந்த நியாயமான கோபம் பாட்டாகிக் காதலில் கரைந்துவிடுகிறது. பெண்களுக்குச் சிரிக்கவைக்கும் உரிமை அநேகமாக இல்லை. சச்சு மட்டும் விதிவிலக்கு.

இருந்தும், தமிழ் சினிமாவில் ஒரு கலைஞனின் வெறியைக் கிண்டலோடும் பரிவோடும் பார்த்த படங்கள் எத்தனை? ஓகோ புரொடக்ஷன்ஸ் எடுக்க நினைத்த படத்தை நாம் பார்ப்பதே இல்லை. அதன் முதல் ரசிகரைப் பார்த்துவிட்டோம். முந்நூறு பிரதி அச்சிட்டு வாசகனுக்குக் காத்திருக்கும் நமக்கு அந்த ரசிகரின் அருமை தெரியவேண்டும்.