கூரை போன தேவாலயம்

வேல்ஸில் வை ஆற்றங்கரையில் இருக்கிறது டின்டர்ன் மடாலயம். 1536இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டு, கூரையின் ஈயத்தகடுகளும் உரிக்கப்பட்டன. அந்த இடிபாட்டை வில்லியம் கில்பின் 1782இல் தன் பயண நூலில் முட்டை வடிவப் படமாக அச்சிட்டார்.

அந்தப் படம் அச்சான அக்வாடின்ட் முறைமேல் எனக்குத் தீராத ஆசை. செப்புத் தகட்டில் பிசின் பொடி தூவிச் சூடாக்கி, அமிலத்தில் முக்குவார்கள். பொடி ஒட்டாத இடுக்குகளை அமிலம் அரிக்க, அந்த நுண்குழிகளில் மை தங்கும். கோடே வேண்டாம், நிழல் தானாகப் படரும். பாசி பிடித்த கல்லை வேறெப்படிக் காட்டுவது?

சுவர் முனைகள் கண்ணை உறுத்துவதாகவும், சுத்தியலால் கொஞ்சம் தட்டிவிடலாம் என்றும் எழுதியவர் கில்பின். ஆனால் அவரே இன்னொன்றையும் எழுதியிருக்கிறார்: இடிபாட்டுக்குள் குடிசை போட்டு, பிச்சையெடுத்துப் பிழைத்த ஏழைகள். அவர்களில் கால் முடங்கிய ஒரு பெண், துறவிகளின் நூலகத்தைக் காட்டுவதாக அழைத்துப்போய்த் தன் ஈரம் கசியும் குடிலைக் காட்டினாள். ஒரு காலத்தில் மடங்கள்தாம் இப்படிப்பட்டவர்களுக்குச் சோறு போட்டன.

படத்தில் அவள் இல்லை. பார்க்கும்போதெல்லாம் அந்த வளைவுகளின் நிழலில் அவளைத்தான் தேடுகிறேன்.